ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒன்று, கிராஸ்ஓவருக்கு வேறொன்று

கேள்வி: தாழ்ந்த ஒலிக்கு 6.5 அங்குல ஊஃபரும், உயர்ந்த ஒலிக்கு 1 அங்குல ட்வீட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியையும், ஒலியை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டையும் நானே செய்ய ஆசை. செலவில்லாமல் எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்? ஒன்றே போதுமா?

பதில்: ஒன்று போதாது. பெட்டிக்கு வின்ஐஎஸ்டி (WinISD), ஒலியை மைக் வைத்து அளப்பதற்கு ஆர்இடபிள்யூ (REW), கிராஸ்ஓவருக்கு விட்டுயிக்ஸ்கேட் (VituixCAD). மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. முதலாவதும் கடைசியும் விண்டோஸுக்கானவை; ஆர்இடபிள்யூ மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். புனல் போல விரியும் ஹார்ன் பெட்டி செய்வதாக இருந்தால் ஹார்ன்ரெஸ்ப் (Hornresp) தேவைப்படும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

முதலில் வின்ஐஎஸ்டியைத் திறந்து, ஊஃபரின் டேட்டாஷீட்டில் உள்ள தீல்-ஸ்மால் எண்களை (பெட்டியின் அளவைக் கணக்கிட உதவும் ஊஃபரின் குணங்கள்) கொடுங்கள். உதாரணமாக எஃப்எஸ் (Fs, ஊஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது) 0.38, விஏஎஸ் (Vas, ஊஃபரின் தொங்கலுக்கு நிகரான காற்றின் அளவு) 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டி என்றால் 12 லிட்டர் போதும், ஆனால் 74 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். 21 லிட்டர் பெட்டியில் போர்ட் (காற்றுக்குழாய்) வைத்து 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தால், கிட்டத்தட்ட 40 வரை பேஸ் இறங்கும்.

போர்ட் விட்டத்தை அந்தத் திரையிலேயே மாற்றிப் பாருங்கள். 5 செ.மீ. குழாய்க்கு நீளம் சுமார் 14 செ.மீ. விட்டத்தை 7 செ.மீ. ஆக்கினால் 29 செ.மீ. கேட்கும், சின்னப் பெட்டிக்குள் அது அடங்காது. சரி, சின்னக் குழாயே போதும் என்றால், சத்தம் கூட்டும்போது காற்று வேகமேறி 'புஸ்' என்று இரைச்சல் வரும். காற்றின் வேகத்தைக் காட்டும் வரைபடமும் அதிலேயே இருக்கிறது. நொடிக்கு 17 மீட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள். ப்ளைவுட் அறுக்குமுன் இதைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்பேன்.

பலர் சறுக்கும் இடம் கிராஸ்ஓவர். '8 ஓம், 2500 ஹெர்ட்ஸ்' என்று கால்குலேட்டரில் போட்டு, வரும் காயிலையும் கபாசிட்டரையும் அப்படியே வாங்கிவிடாதீர்கள். 8 ஓம் ஊஃபர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. அதோடு, 20 செ.மீ. அகல முகப்பில் பொருத்தினால் சுமார் 575 ஹெர்ட்ஸை ஒட்டி, கீழே போகப்போக ஒலி அளவே படியிறங்கும். கம்பெனி தரும் வரைபடத்தில் உங்கள் பெட்டி அகலத்தின் விளைவு இருக்காது.

ஆகவே பெட்டியைச் செய்து, டிரைவர்களை (ஊஃபர், ட்வீட்டர்) பொருத்தி, பிறகு அளந்து பாருங்கள். ஸ்பீக்கரைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் வைத்து, அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக்கை வையுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 3.6 மில்லிசெகண்ட் கழித்து வரும். அதற்கு முன்பாக ஆர்இடபிள்யூவில் வெட்டிவிட்டால் ஏறக்குறைய 280 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நம்பலாம். யூஎஸ்பி மைக் என்றால் 'அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ்' வசதியைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையிலான நேர வித்தியாசம் தொலைந்துபோய், கிராஸ்ஓவர் கணக்கே பொய்யாகும். ட்வீட்டரை அளக்கும்போது ஸ்வீப்பை (தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் சோதனை ஒலியை) 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்காதீர்கள். 1000க்கு மேலே, குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். ட்வீட்டர் கருகிப்போனால் திரும்ப வராது.

இந்த அளவுகளை, ஆர்இடபிள்யூவிலேயே ஒரு ரெசிஸ்டர் வைத்து எடுக்கக்கூடிய இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின் எதிர்ப்பு) வரைபடத்தோடு சேர்த்து, விட்டுயிக்ஸ்கேட்டில் ஏற்றுங்கள். முதல் பார்வைக்கு மிரட்டும், இரண்டு வார இறுதிகள் கொடுங்கள். ட்வீட்டர் இணைப்பைத் தலைகீழாக்கிப் பார்த்தால் கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். விழுந்தால் இரண்டும் ஒத்திசைகின்றன. காயில் வாங்க அதன்பிறகு கடைக்குப் போங்கள்.