உருகிய இரும்பைத் தூக்குவது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் மெல்டிங் பிரிவில் இருக்கிறேன். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் பவரை ஏற்றினால் மெட்டல் நடுவில் மேடுகட்டி நிற்கிறது. குறைத்தால் அமர்ந்துவிடுகிறது. சூடேறிய இரும்பைக் காந்தம் இழுக்காது என்று ஐ.டி.ஐ.யில் படித்தேன். பிறகு எது தூக்குகிறது? சூப்பர்வைசரிடம் கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

ஐ.டி.ஐ.யில் சொன்னது சரி. இரும்பு 770 டிகிரியிலேயே காந்தத்துக்கு மசியாமல் போய்விடும். உங்கள் வார்ப்பிரும்பு உருகவோ 1150ஐத் தாண்ட வேண்டும். அதே உலையில் அலுமினியத்தை உருக்கினாலும் மேடு கட்டும்; அதற்கும் காந்தத்துக்கும் என்றுமே உறவில்லை.

உலையைச் சுற்றியுள்ள காயிலில் (கம்பிச்சுருளில்) ஓடும் மாற்று மின்சாரம் மெட்டலுக்குள் எதிர்த்திசையில் ஒரு மின்சாரத்தைத் தூண்டுகிறது. எதிரெதிராக ஓடும் மின்சாரங்கள் ஒன்றையொன்று விலக்கும். காயில் அசையாது, குழம்பு அசையும். சுவரோரத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்ட மெட்டல் போக்கிடம் இல்லாமல் நடுவில் எழும்புகிறது. 0.1 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தின் அழுத்தம் சுமார் 6 செ.மீ. உயர இரும்புக் குழம்பைத் தாங்கும்.

இந்தத் தள்ளல் மெட்டலின் ஓரத்தில் தூண்டிய மின்சாரம் ஓடும் அடுக்கில், அதாவது ‘தோலில்’தான் நடக்கும். 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 சுழற்சி) அந்தத் தோல் ஏறத்தாழ 8 செ.மீ., 500 ஹெர்ட்ஸில் 3 செ.மீ.கூட வராது. அதே பவருக்கு ஹெர்ட்ஸ் குறையக் குறையக் கலக்கல் கூடும். கார்பன் சீக்கிரம் கரையும். லைனிங்கும் (உலையின் உட்சுவர்ப் பூச்சு) சீக்கிரம் தேயும். ஜெர்மனியில் ஓட்டோ முக் 1923லேயே, பாத்திரமே இல்லாமல் உலோகத்தை அந்தரத்தில் நிறுத்தி உருக்கக் காப்புரிமை கேட்டுவிட்டார்!

எனக்கு அதைவிடப் பிடித்தது எஃகு ஆலைகளின் காந்த பிரேக். தொடர்வார்ப்பில் (உருகிய எஃகை நிறுத்தாமல் வார்ப்பதில்) நாசில் வழியே எஃகு மோல்டுக்குள் வேகமாகப் பாயும்போது, எஃகின் மேலே மிதக்கும் வார்ப்புப் பவுடரையும் உள்ளே இழுத்துவிடும். பிறகு தகட்டில் குறை. அதனால் மோல்டுக்கு வெளியே மாறாத காந்தப்புலம் ஒன்றை வைக்கிறார்கள். அசையாத எஃகை அது ஒன்றும் செய்யாது. குறுக்கே பாய்ந்தால்தான் எஃகில் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரமே பாய்ச்சலை மறிக்கும். எவ்வளவு வேகமோ அவ்வளவு பிடி. இயற்பியலாளர் ஹார்ட்மன் 1937இல் டென்மார்க்கில் பாதரசத்தை வைத்து ஆராய்ந்ததும் இந்தப் பிடியைத்தான்.

உலை நிறைந்திருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் மேட்டைக் கவனித்துப் பாருங்கள். மெட்டல் காயிலின் மேல்விளிம்பைத் தாண்டி நின்றால் மேடு தணிந்திருக்கும்.