2189இல் வாழ்ந்தவருக்கு லண்டனில் எப்படி நினைவுப் பலகை?

லண்டனில் பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் நீல நிற நினைவுப் பலகை பதிப்பார்கள். கேள்வியில் சொல்லும் பலகை அப்படிப்பட்ட அசல் இல்லை, குறும்பு. "ஜேக்கப் வான் ஹாக்ஃப்ளூம், 1864–1909, காலப்பயணத்தைக் கண்டுபிடித்தவர், 2189இல் இங்கே வாழ்ந்தார்" என்று அதில் இருக்கும். அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை.

அசல் பலகைகள் 1866இல் தொடங்கிய திட்டம். அடுத்த ஆண்டே கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகை ஏறியது. 1889இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். திட்டத்தை இப்போது பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு நடத்துகிறது. பலகைக்கு உரியவர் இறந்து 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அவர் வாழ்ந்த கட்டடமும் நிற்க வேண்டும். இத்தனை கறாரான சடங்கு இருந்தால் கிண்டல் செய்யக் கை துறுதுறுக்காதா? "1782 செப்டம்பர் 5, இவ்விடத்தில் எதுவும் நடக்கவில்லை" என்கிற பலகையும் இந்த வகைதான்.

எனக்குப் பிடித்தவை சுரங்க ரயிலில் ஒட்டும் போலி அறிவிப்பு ஸ்டிக்கர்கள். 1916 முதல் அங்கே புழங்கும் ஜான்ஸ்டன் எழுத்துரு, அதே நிறம், அதே அதிகார தோரணை. உள்ளே மட்டும் "கண்ணோடு கண் பார்க்கக் கூடாது, அபராதம் 200 பவுண்ட்". லண்டன் ரயிலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எழுதாத அந்தச் சட்டத்தை யாரோ எழுதி ஒட்டிவிட்டார்கள், அவ்வளவே. நிர்வாகம் இதை ரசிப்பதில்லை, கிழித்துவிடுவார்கள்.

மற்ற ஊர்களிலும் போலிப் பலகைகள் உண்டு. ஆனால் அறிவிப்பு என்று கண்டால் நின்று, படித்து, கீழ்ப்படியும் ஊரில்தான் இந்த விளையாட்டு நன்றாகச் செல்லுபடியாகிறது.