ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கியில் தொலைநோக்கி ஏன் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது?

தோட்டா போடும் முறைதான் காரணம். இந்த அமெரிக்கத் துப்பாக்கியில் 5 தோட்டாக்களைச் சிறு உலோகப் பட்டையில் கோத்து மேலிருந்து அழுத்தி இறக்குவார்கள். நடுவில் தொலைநோக்கி நின்றால் வழி அடைபடும். அதனால் வார்னர் அண்டு ஸ்வேசி கம்பெனியின் 1908, 1913 மாடல் தொலைநோக்கிகளை இடப்பக்கம் பொருத்தினார்கள். (அமெரிக்காவின் லிக் வானாய்வகத் தொலைநோக்கிக்குத் தாங்கி செய்த அதே கிளீவ்லாந்து கம்பெனிதான்!) இந்தத் துப்பாக்கித் தொலைநோக்கிகளில் நீளக் குழாய்க்குப் பதில் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகங்கள், 1908 மாடல் 6 மடங்கு பெரிதாக்கும், 1913 மாடல் 5.2 மடங்கு. எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ, தாங்கியும் ஆட்டம் காணும்.

பெரிய தொல்லை கண் வைப்பதில்தான். கண் லென்ஸுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். சரி, அடிபடாமலிருக்க ரப்பர் குவளை மாட்டினால், அது கண்ணைச் சுற்றி உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்! ஆனாலும் முதல் உலகப் போரில் கனடாக்காரர்கள் 1913 மாடலைத் தங்கள் ராஸ் துப்பாக்கியிலும் மாட்டினார்கள்.