கி.மு. 46: 445 நாள் ஓடிய ஆண்டு

கே: ஒரே ஆண்டில் 445 நாட்கள் எப்படி வந்தன?

ரோமானியரின் பழைய ஆண்டுக்கு 355 நாட்கள்தான். சூரியனோடு ஒத்துப்போக, அவ்வப்போது பிப்ரவரியின் கடைசியில் ஓர் அதிக மாதத்தை நுழைப்பார்கள். அதனால் 22 அல்லது 23 நாட்கள் கூடும். எந்த ஆண்டில் நுழைப்பது என்று முடிவு செய்தவர்கள் பூசாரிகள். அவர்களில் பலர் அரசியல்வாதிகளும்கூட. ஆண்டு நீண்டால் பதவியில் இருப்பவருக்கு லாபம் என்பதால், நாட்காட்டி அரசியல் ஆயுதமாகிவிட்டது. கி.மு. 52-க்குப் பிறகு உள்நாட்டுப் போர்க் களேபரத்தில் அதிக மாதமே சேர்க்கவில்லை. விளைவு, கி.மு. 46-இன் ஜனவரி முதல் தேதி உண்மையில் அக்டோபர் நடுவில் வந்து நின்றது.

தலைமைப் பூசாரி பொறுப்பும் ஜூலியஸ் சீசரிடமே இருந்தது. பிப்ரவரியை ஒட்டி 23 நாட்கள், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு அதிக மாதங்களாக 67 நாட்கள் சேர்த்தார். 355-உடன் 90 சேர, 445. அடுத்த ஜனவரி முதல் 365 நாள் கணக்கு. அதை வகுக்க உதவியவர் அலெக்சாந்திரியாவின் வானியலாளர் சோசிஜெனஸ்.

கே: அதே ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் சீசர் வென்ற தப்சஸ் போர் ஏப்ரல் 6 என்று ஒரு நூலும், பிப்ரவரி என்று இன்னொன்றும் சொல்கின்றன. எது சரி?

இரண்டும் சரி. ஏப்ரல் 6 அன்றைய ரோமில் வழங்கிய தேதி. சீசரின் புதிய நாட்காட்டியான ஜூலியன் கணக்கைப் பின்னோக்கி நீட்டினால் அது பிப்ரவரி முதல் வாரம். குளிரா வெயிலா, கடல் பயணத்துக்கு ஏற்ற காலமா என்று யோசிக்கும்போது இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் தேதி மட்டும் தரும் நூல்கள் வாசகருக்குச் செய்வது அநியாயம்.

கே: அந்தக் கூடுதல் மாதங்களை மக்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்களா?

ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதமே சாட்சி. நாடுகடத்தப்பட்ட லிகாரியஸுக்காக, அவருடைய சகோதரர்களோடு காலையில் சீசர் வீட்டுக்குப் போனதை எழுதுகிறார். தேதி: 'முதல் அதிக மாதப் பிறப்புக்கு ஐந்தாம் நாள் முன்பு'. ரோமானியர் இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவதால் அது நவம்பர் 26. பருவப்படி பார்த்தால் செப்டம்பர் 23 வாக்கில். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது.

கே: அன்று அதைக் 'கி.மு. 46' என்றா சொன்னார்கள்?

இல்லை. சீசரும் லெப்பிடஸும் கான்சல்களாக, அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை ஆட்சியாளர்களாக, இருந்த ஆண்டு என்றார்கள். ரோம் நகரம் பிறந்த கணக்கில் 708. கி.பி. கணக்கை டயோனிசியஸ் என்ற துறவி வகுத்தது 525-இல்தான்.

கே: அதிலிருந்து கி.பி. 2000 வரை 2046 ஆண்டுகள்தானே?

2045. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1; நடுவே சுழியம் இல்லை. கி.மு. 70-இல் பிறந்த ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 2000-ஆம் பிறந்தநாளை 1930-இல் கொண்டாடினார்கள்; முறைப்படி 1931-இல் வந்திருக்க வேண்டும். வானியலாளர்கள் சுழிய ஆண்டு வைத்திருப்பதால் அவர்களுக்குக் கி.மு. 46 என்பது -45.

கே: சீசரின் சீர்திருத்தத்தோடு நாட்காட்டிக் குழப்பம் தீர்ந்ததா?

தீரவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லீப் நாள் என்பதை, சீசர் இறந்தபின் பூசாரிகள் தங்கள் வழக்கப்படி இரு முனையையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துவிட்டார்கள். பின்னர் பேரரசர் அகஸ்டஸ் சில லீப் நாட்களை நிறுத்திவைத்துச் சரிசெய்தார். ஆகவே அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் ரோமானியத் தேதிகளை இன்றைய கணக்குக்கு மாற்றும்போது சில நாள் முன்பின் வரலாம்.