பாசிட்டிவிசத்தை விமர்சகர்கள் எந்த இடத்தில் அடித்தார்கள்?

பாசிட்டிவிசம் என்ற தத்துவத்தை விமர்சகர்கள் எங்கே அடித்தார்கள் என்று கேட்டவர், அதை ‘நேர்மறைவாதம்’ என்று தமிழில் போட்டிருந்தார். அதைப் படித்தால், காலையில் எழுந்ததும் நல்லதையே நினைக்கச் சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி இருக்கிறது. பாசிட்டிவிசம் என்றே வைத்துக்கொள்வோம்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தத்துவவாதி ஒகுஸ்த் கோந்த் தொடங்கியது. கண்டறிந்து சரிபார்க்க முடிந்தது மட்டுமே அறிவு என்றார். 1920களில் வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவினர் அதை இன்னும் இறுக்கினார்கள். கணிதமும் தர்க்கமும் போக, சோதிக்க வழியில்லாத கூற்று பொய்கூட இல்லை, அர்த்தமே இல்லாதது என்றார்கள். சரி, இந்த விதியையே எப்படிச் சோதிப்பது? எல்லாரும் கேட்கும் மடக்குக் கேள்வி இது. என்னைக் கேட்டால், அமெரிக்கத் தத்துவவாதி குவைன் 1951இல் எழுதிய கட்டுரைதான் பெரிய அடி. அது எனக்குப் புரிந்தது பாம்பனில், மாமாவின் நாட்டுப்படகில்.

ஒருநாள் நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு மீன் படும் மாப்ள” என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். விடியக்காலையில் வலையை இழுத்தால் நாலு நண்டும் ஒரு கூடைப் பாசியும்தான். “உங்க கணக்கு தப்புதானே மாமா?” என்றேன். வலைக்கண்களில் சுற்றியிருந்த பாசியைப் பிய்த்தபடியே, “கணக்கு தப்பா, வலை சரியா நிக்கலையா, ராத்திரியே விசைப்படகு அரிச்சிட்டுப் போயிருச்சா... எதைன்னு சொல்ல?” என்றார்.

குவைன் சொல்வதும் இதுதான். எந்தக் கூற்றும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கூட்டத்தோடு வருகிறது. சோதனை பொய்த்தால் கூட்டத்தில் யாரைக் கைவிடுவது என்பது நம் பாடு. யுரேனஸ் கணக்குப்படி நகராதபோது, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நியூட்டனைக் கைவிடவில்லை. வேறொரு கோள் இழுக்கிறது என்றார். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. பிறகு புதன் பிசகியதற்கும் அவர் அதே வழியில் வல்கன் என்றொரு கோளைச் சொன்னார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அங்கே நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையே போதவில்லை என்று தெரிய 1915இல் ஐன்ஸ்டைன் வரவேண்டியிருந்தது. சரிபார்ப்பதை விட்டுப் பொய்ப்பிக்கப் பாருங்கள் என்ற தத்துவவாதி பாப்பரும் இந்த வலையில் கொஞ்சம் மாட்டத்தான் செய்கிறார்.

வியன்னாக்காரர்களை முட்டாள்களாக்கிவிட வேண்டாம். அந்த வட்டத்துக்குள்ளிருந்தே ஓட்டோ நியூராத், நம் அறிவைத் திருத்துவதில் நாம் நடுக்கடலில் கப்பலைப் பழுதுபார்க்கும் மாலுமிகள், கரையேற்றிப் பிரித்துப்போட வாய்ப்பே கிடையாது என்று எழுதினார். குவைனுக்கும் பிடித்த உவமை. மாமாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“படகு ஓட்டாத ஆளு போல. நடுக்கடல்ல எவன் பலகையைக் கழட்டுவான்? ஓட்டையில துணியைத் திணிச்சுட்டுக் கரைக்கு வர வழியைப் பாப்பான்.”