ஓமான் பாறை, ஓமான் தண்ணீர்: கேள்வி பதில்

ஓமானில் நிலவியல் வரைபடப் பணியிலும் நிலத்தடி நீர் ஆய்விலும் இருபது ஆண்டுகள் இருந்தேன். கேளுங்கள்.

பாலைவனத்தில் வரைபடம் எடுப்பது சுலபமா சார்?
மண்ணும் மரமும் மூடாததால் பாறை அப்படியே தெரியும். ஹஜர் மலையில் இருப்பது சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்தரை, அரேபிய நிலப்பரப்பின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடலடிப் பாறை ஓடும் அதன் அடியிலுள்ள மேன்டில் என்ற அடுக்கும் சேரும் எல்லையைத் தொட வேறு இடங்களில் கடலுக்கடியில் பல கிலோமீட்டர் துளைக்க வேண்டும். இங்கே அதன்மேல் கால் வைத்து நிற்கலாம். முதல்முறை நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. செயற்கைக்கோள் படத்தில் நிறம் பிரித்தாலும், சுத்தியலோடு நடந்து பார்த்தால்தான் எல்லைக்கோடு உறுதியாகும். ஒன்று: வாதியில், அதாவது வறண்ட ஆற்றுப்படுகையில், கூடாரம் போடாதீர்கள். மழை மலையில் பெய்யும், வெள்ளம் வெயிலில் வரும்.

செம்பு இருப்பது எப்படித் தெரியும்?
எரிமலைப் பாறைமேல் துருநிறத் தொப்பி தெரிந்தால் நின்று பாருங்கள். சல்பைடு தாது (கந்தகம் சேர்ந்த தாது) சிதைந்து இரும்புத்துரு மிஞ்சிய இடம் அது. பக்கத்தில் பழங்காலத்தில் செம்பு உருக்கிய கசடு மேடும் இருந்தால் இன்னும் நல்லது. மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகள் பேசும் ‘மகன்’ (Magan) என்ற நாட்டின் செம்பு இந்தப் பக்கத்துச் சரக்கு என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அங்கே வேலை கிடைக்குமா?
அது என் துறை இல்லை தம்பி.

பாத்தினா கரையோரத் தோட்டத்தில் மேலாளராக இருக்கிறேன். போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகப் போடலாமா?
வேண்டவே வேண்டாம். கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அந்த 1 மீட்டரை பம்பு உறிஞ்சிவிட்டால் உப்பு 40 மீட்டர் மேலேறும். ஆழம் போவது உப்பைத் தேடிப் போவது.

என் போரும் உப்பு. ஆழப்படுத்தினால்?
முந்தைய பதிலைப் படியுங்கள்.

எங்கள் மாமா தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார். பாத்தினாவில் அவர் காட்டிய பத்து இடத்திலும் தண்ணீர். உங்கள் கருவி என்னத்துக்கு?
மாமாவின் பத்துக் கிணற்றையும் நம்புகிறேன். அது சரளைச் சமவெளி, எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். தண்ணீர் வராத இடத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள்.

அவர் நல்ல தண்ணீர் என்றும் சொல்வார் ஐயா.
எத்தனை மீட்டர் வரை நல்ல தண்ணீர் என்று சொன்னாரா? நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது அதற்குத்தான். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், நன்னீர் அவ்வளவு கடத்தாது. எல்லை எந்த ஆழத்தில் என்று கணிக்கலாம். பிறகு சோதனைத் துளை போட்டு, பம்பு ஓட்டிப் பார்ப்போம். தேங்காய் பொய்த்தால் போவது உங்கள் பணம் மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டக்காரர் கிணறும்தான்.

மலைநீரும் சுவையாக இல்லையே?
பெரிடோடைட் என்ற மேன்டில் பாறைக்குள் வெகுகாலம் தங்கிய நீரின் பி.எச். 11-ஐத் தாண்டும், அதாவது கடுங்காரம். ஊற்றைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரியும். குடிக்காதீர்கள்.

ஓமானின் பழைய பாசனக் கால்வாயான ஃபலஜ் ஏன் வற்றாமல் ஓடுகிறது?
வறட்சியில் குறையும், வற்றியவையும் உண்டு. ஆனால் தாவூதி வகை ஃபலஜ், மலையடிவாரத்துத் தாய்க்கிணற்றிலிருந்து சரிவாக வரும் சுரங்கக் கால்வாய். பம்பு கிடையாது. நிலம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவே ஓடும். ஊர் அதை நேரக்கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஐயா, 20 மீட்டர் மட்டும் ஆழப்படுத்தினால்...?
கூடாது. அதற்கு அரசு அனுமதியும் வேண்டும். பம்பு ஓடும் நேரத்தைக் குறைத்து, வாரந்தோறும் தண்ணீரின் மின்கடத்துத்திறன் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாத அளவோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.