ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் குடிமையியல் சொல்லித்தர நல்ல இணையதளம் எது?

குடிமையியல் என்றாலே பையனுக்குத் தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூகுளில் தேடி, முதலில் வந்த ஐசிவிக்ஸைத் திறந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல தளம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர் 2009-இல் தொடங்கியது, விளையாட்டுகளெல்லாம் அருமை. ஆனால் அது முழுக்க அவர்கள் ஊர் அரசாங்கம். செனட்டில் ஜெயித்துவிட்டு வரும் பிள்ளை பரீட்சையில் மாநிலங்களவையைக் கோட்டை விடும்.

நான் அரசுப் பள்ளியில் சோசியல் வாத்தியார். பிள்ளைகளுக்கென்றே செய்த தளங்களைவிட, அரசாங்கம் தன் கணக்கு வழக்கைப் போட்டுவைக்கிற வறட்டுத் தளங்கள்தான் எனக்குப் பாடத்தில் கைகொடுத்தன.

'உள்ளாட்சி அமைப்புகள்' பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 73-ஆவது திருத்தம் 1992, மூன்றடுக்கு, கிராம சபை என்று வரிசையாக வரும். பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நான் ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் ஒன்றிய அரசு போட்டுவைக்கும் இகிராம்ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, எங்கள் ஊராட்சியின் அந்த வருஷத் திட்டத்தை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். பட்டியல் முழுக்க ஆங்கிலம், தெருப் பெயர்களில் ஏகப்பட்ட எழுத்துப்பிழை. மோட்டார் ரிப்பேர், கழிவுநீர்க் கால்வாய், எதிரே தொகை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்: "சார், அது எங்க தெரு!"

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. "இவ்ளோ பணம் இருக்கே, எல்லாத்துக்கும் ரோடு போட்டா என்ன சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். வரிப்பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்குபிரித்துச் சொல்லும் நிதிக்குழுவில் 15-ஆவது, 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க முடியும். மிச்சம் 40-தான் ஊராட்சி முடிவு செய்வது, அதிலும் சம்பளம் போட முடியாது என்றேன். "அதைச் சொல்ல அவங்க யாரு சார்?" அங்கிருந்து, நிதிக்குழுவை அமைக்கச் சொல்லும் அரசியலமைப்புப் பிரிவு 280, ஒன்றிய அரசு, மாநிலப் பங்கு என்று பத்தாம் வகுப்புப் பாடத்துக்கே போய்விட்டோம்.

மறுநாள் ஊர்க்காரர் ஒருவர் பள்ளிக்கு வந்துவிட்டார். "பிள்ளைங்களுக்கு அரசியல் சொல்லித்தர்றீங்களாமே சார்?" ஹெச்.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நமக்கெதுக்கு சார் வம்பு" என்றார். நான் போனில் அதே பக்கத்தைத் திறந்து வந்தவரிடம் கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எங்க வார்டுக்கு ஒண்ணுமே போடலையே சார்" என்றார். அரசியல் பேச்சு அத்தோடு நின்றது.

கமென்டில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யார் தலைவர், எந்தக் கட்சி என்று வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது என்பதும் அதே பாடத்தில் சேர்த்தி. அரசாங்கமே ஊருக்குக் காட்டுவதைப் பிள்ளைக்குக் காட்டினால் அரசியலா?

மற்றவை சுருக்கமாக. நாடாளுமன்ற வேலைகளைத் தொகுத்துப் போடும் பிஆர்எஸ் என்ற அமைப்பின் தளத்தில் உங்கள் எம்.பி.யின் வருகையும் அவர் கேட்ட கேள்விகளும் இருக்கும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை 'ஆப்சென்ட்' போட்டுவிடும். நாடாளுமன்றத்தின் சேனலான சன்சத் டிவியில், கூட்டத்தொடர் நாட்களில் மக்களவைக் கேள்வி நேரம், காலை 11 மணி. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். புத்தகத்திலுள்ள க்யூஆர் கோடு பாடத்தையே திரும்பச் சொல்லும், மார்க்குக்கு அது போதும்.

இத்தனைக்கும் நேரம் கிடைக்க வேண்டுமே. காலாண்டு நெருங்கினால் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார்: "சோசியல் தானே சார், படிச்சுக்குவாங்க, பீரியடைக் குடுங்க." ஸ்மார்ட் கிளாஸ் சாவி எப்போதும் சயின்ஸ் டீச்சரிடம். ஓட்டுச்சாவடி வேலைக்கு மட்டும் ஆளைத் தேடும்போது சோசியல் வாத்தியார் ஞாபகம் முதலில் வந்துவிடும்.

நீங்கள் வீட்டில் சொல்லித்தருவதால் இந்தத் தொல்லை இல்லை. தேர்தல் ஆணையத் தளத்தில் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வேட்புமனுவோடு தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-ஐ இறக்குங்கள். நம் ஊரில் பலர் தமிழிலேயே கொடுத்திருப்பார்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் உண்டு. நகை எத்தனை பவுன் என்ற இடத்தில் பையன் நிமிர்ந்து உட்காருவான். பள்ளியில் செய்வதாக இருந்தால் மட்டும், தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட சமயத்தில் அதைத் திறக்காதீர்கள்.